வார்டில் நின்றவர்கள் யார்? களமசேரியிலிருந்து பார்த்த ஒரு செவிலியர் வரலாறு

2020 ஏப்ரல் இறுதியில், களமசேரியில் உள்ள எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கொரோனா வார்டுக்குப் புதிய பணியாளர் ஒன்று வந்து சேர்ந்தது. அதன் பெயர் கர்மிபாட். அதே களமசேரியின் மேக்கர் வில்லேஜ் வளாகத்தில் இயங்கிய அசிமோவ் ரோபோட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய இயந்திரம் அது. நடிகர் மோகன்லாலின் விஸ்வசாந்தி அறக்கட்டளை அதை மருத்துவமனைக்கு அன்பளிப்பாக வழங்கியது. ஏறத்தாழ 25 கிலோ எடையைச் சுமந்துகொண்டு நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகரக் கூடியது. நோயாளிக்கு உணவும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுப்பது, பயன்படுத்திய பொருட்களைத் திரட்டி வருவது, மருத்துவரைக் காணொளியில் நோயாளியுடன் பேச வைப்பது ஆகியவை அதற்கு ஒதுக்கப்பட்ட வேலைகள்.

இதற்குச் சொல்லப்பட்ட காரணம் நியாயமானது. தொற்று வார்டுக்குள் ஒரு செவிலியர் ஒவ்வொரு முறை நுழையும்போதும் ஒரு பாதுகாப்பு உடை செலவாகும்; தொற்றும் அபாயமும் கூடும். அதற்கு ஒரு மாதம் முன்பு, மார்ச் 28 அன்று, கேரளத்தின் முதல் கொரோனா மரணம் இதே மருத்துவமனையில்தான் நிகழ்ந்திருந்தது. இறந்தவர் மட்டாஞ்சேரிப் பகுதியைச் சேர்ந்தவர். எனவே இயந்திரத்தின் வருகையைச் செய்தித்தாள்கள் கொண்டாடியதில் வியப்பில்லை.

ஆனால் அந்த வேலைப் பட்டியலை வரலாற்று மாணவர் ஒருவர் வேறு விதமாகவும் படிக்கலாம். உணவு கொண்டுபோவதும், மாத்திரையை எடுத்து நீட்டுவதும், அழுக்கானதை அகற்றுவதும் தொற்றுக் காலத்துக்கு முன்பு யாருடைய வேலையாக இருந்தன? பெரும்பாலும் செவிலியருடையதாக இல்லை. மலையாளத்தில் 'கூட்டிரிப்புக்காரர்' என்றொரு சொல் உண்டு. நோயாளியுடன் மருத்துவமனையில் தங்கி, கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்து, கஞ்சி வாங்கி வந்து, சிறுநீர்ப் பாத்திரம் எடுத்து, குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்ததும் ஓடிப்போய் 'சிஸ்டர்' என்று கூப்பிடுகிற உறவினரையே அது குறிக்கும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இதே வழக்கம்தான். பெரும்பாலும் அவர் ஒரு தாய், மனைவி அல்லது மகள். கொரோனா வார்டில் அவருக்கு அனுமதி இல்லை. அவர் வெளியே நிறுத்தப்பட்ட நாளில், அவர் செய்துவந்த வேலை முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த இடத்தை நிரப்பத்தான் செவிலியரும் உதவியாளரும் கூடவே ஓர் இயந்திரமும் தேவைப்பட்டனர்.

உலகெங்கும் செவிலியரை அனுப்பும் மாநிலம் என்று பெயர் பெற்றது கேரளம். அந்த மாநிலத்தின் வார்டுகளில் செவிலியர் எண்ணிக்கை ஏன் எப்போதும் இழுபறியாகவே இருந்தது என்ற கேள்விக்கு, 'பற்றாக்குறை' என்ற ஒற்றைச் சொல் விடையாகாது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்த வார்டுகளில் செவிலியரின் வேலையைச் செவிலியரின் ஊதியம் பெறாத யாரோ ஒருவர் செய்துவந்தார். அந்த யாரோ காலத்துக்குக் காலம் மாறினார். ஆள் மாறியதே தவிர, கணக்கு மாறவில்லை.

அந்த வரிசையில் முதலில் வந்தவர்கள் கன்னியர். 1906இல், திருவிதாங்கூர் அரசின் மருத்துவமனையில் பணியாற்ற, ஸ்விட்சர்லாந்தின் மென்சிங்கன் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட திருச்சிலுவைச் சபையின் கன்னியர் திருவனந்தபுரம் வந்தனர். அப்போது கொல்லம் ஆயராக இருந்த அலோசியஸ் பென்சிகர் தாமும் ஸ்விட்சர்லாந்துக்காரர். அவர் வழியாகவே இந்த ஏற்பாடு கைகூடியது. ஓர் இந்து மன்னரின் அரசு தன் மருத்துவமனைக்கு ஐரோப்பியக் கத்தோலிக்கத் துறவியரை வரவழைத்ததற்குப் பின்னால் உள்ளூர்ச் சமூகத்தின் தீட்டுக் கணக்கு இருந்தது. பிறர் உடலின் இரத்தத்தையும் சீழையும் மலத்தையும் தொடும் வேலைக்கு, அதுவும் இரவில் அந்நிய ஆண்களின் நடுவே செய்யும் வேலைக்கு, மேல்சாதிக் குடும்பங்கள் தம் பெண்களை அனுப்ப மாட்டா. துறவு வாழ்க்கை அந்த வேலைக்கு ஒரு மரியாதையைத் தந்தது. அத்துடன் இன்னொன்றையும் தந்தது. செவிலியம் என்பது சேவை, அதற்குக் கூலி பேசுவது அழகன்று என்ற எண்ணம் அப்போதே வேரூன்றியது. இன்றும் கேரளத்தில் செவிலியர் தினம் வந்துவிட்டால் 'பூமியின் மாலாகமார்', அதாவது மண்ணுலகத் தேவதைகள், என்ற புகழுரை தவறாமல் ஒலிக்கும். தேவதைக்குச் சம்பளப் பட்டியல் கிடையாது என்பதைச் செவிலியர் சங்கத்தார் கசப்போடு நினைவுபடுத்துவதும் உண்டு.

இரண்டாவதாக வந்தவர்கள் மாணவியர். 1860இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் தொடங்கிய பயிற்சி முறையில், கற்பதும் வார்டில் உழைப்பதும் ஒன்றாகவே இருந்தன. அந்த முறை உலகெங்கும் பரவியபோது, பயிற்சிப் பள்ளி வைத்திருக்கும் மருத்துவமனைக்குத் தங்குமிடமும் உணவும் சிறு உதவித்தொகையும் கொடுத்தால் போதும், வார்டுக்கு ஆள் கிடைக்கும் என்ற நிலை உருவானது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் வேலூரிலும் டெல்லியிலும் செவிலியத்துக்குப் பட்டப்படிப்பு வந்தது. கேரளத்துச் சிரியன் கிறித்தவக் குடும்பங்களிலிருந்து பெண்கள் பெருமளவில் வெளியூர்ப் பயிற்சிப் பள்ளிகளுக்குப் புறப்பட்டதும் இந்தக் காலகட்டத்தில்தான். கட்டணம் கட்ட வேண்டியதில்லை, உதவித்தொகையும் கிடைக்கும் என்பது நிலம் குறைந்த, பெண் பிள்ளைகள் நிறைந்த வீடுகளுக்குப் பெரிய ஈர்ப்பு. தமிழ்நாட்டு நகரங்களில் ஒரு தலைமுறைக்கே 'நர்ஸ்' என்றால் மலையாளம் கலந்த தமிழ் பேசும் ஒரு பெண்ணின் முகம் மனத்தில் எழுந்ததற்கு இந்தப் புறப்பாடே காரணம்.

இந்த மாணவியரின் உழைப்பு எந்த அளவுக்கு அமைப்பைத் தாங்கியது என்பதைப் புரிந்துகொள்ள, விடுதலைக்கு முந்தைய எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருப்பதாகக் கணக்கிட்டது. 43,000 பேருக்கு ஒருவர். 1971க்குள் 500 பேருக்கு ஒரு செவிலியர் என்ற இலக்கை அது வைத்தது. செவிலியரின் தங்குமிடமும் ஊதியமும் மரியாதையும் மோசமாக உள்ளன, அவற்றைச் சரிசெய்யாமல் ஆள் சேராது என்பதையும் அந்தக் குழு உணர்ந்திருந்தது. 1954இல், சென்னை மாகாணச் சுகாதார அமைச்சராக இருந்த ஏ.பி. ஷெட்டியின் தலைமையிலான குழு செவிலியரின் பணிநிலைமைகளை மீண்டும் ஆராய்ந்தது. குழுக்களுக்குக் குறைவே இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1989இல், சரோஜினி வரதப்பன் தலைமையிலான உயர்நிலைக் குழு ஏறத்தாழ அதே குறைகளை மறுபடியும் எழுத வேண்டியிருந்தது. வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. முன்னாள் முதலமைச்சர் பக்தவத்சலத்தின் மகள், சமூகநலப் பணியில் ஊறியவர் என்ற அளவில் அவரைத் தமிழர் அறிவர். செவிலியர் வரலாற்றில் அவருக்குள்ள இடம் அதிகம் பேசப்படுவதில்லை.

இங்கே வார்டுக் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்பது பயன் தரும். ஏனெனில் செவிலியர் எண்ணிக்கை பற்றிய பெரும்பாலான வாதங்கள் இந்த இடத்தில்தான் குழம்புகின்றன. 30 படுக்கைகள் கொண்ட பொது வார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'ஆறு படுக்கைக்கு ஒரு செவிலியர்' என்பது விதி. இதை இரு வகையாகப் படிக்கலாம். எந்த நேரத்தில் வார்டுக்குள் நுழைந்தாலும் ஐந்து செவிலியர் நிற்க வேண்டும் என்று படித்தால், மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து 15 பேர் வேண்டும். வார விடுமுறை, நோய் விடுப்பு, மகப்பேறு விடுப்பு ஆகியவற்றுக்கென வழக்கமாகச் சேர்க்கப்படும் 30 விழுக்காட்டையும் கூட்டினால் ஏறத்தாழ 20 பணியிடங்கள். ஆறு படுக்கைக்கு ஒரு பணியிடம் என்று மட்டும் படித்தால், விடுப்புக்கான பங்கையும் சேர்த்து ஆறு அல்லது ஏழு பெயர்களோடு பட்டியல் முடிந்துவிடும். அப்போது ஒரு ஷிப்டுக்கு இருவர்; இரவில் ஒருவர். விதி ஒன்றே, வார்டுகள் இரண்டு. இந்தியாவில் பல மருத்துவமனைகள் இரண்டாவது வகையைக்கூட எட்டுவதில்லை என்பதே உண்மை. அந்த இரவு ஒருவருக்கும் முப்பது நோயாளிகளுக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டிரிப்புக்காரர் நிரப்பினார்.

அந்தத் தூரத்துக்கு உயிர் விலை உண்டு என்பது ஊகமன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாகச் சேரும் ஒவ்வோர் அறுவை நோயாளிக்கும், முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்வதோடு தொடர்புடையது என்று அது கண்டது. கலிபோர்னியா மாநிலம் 1999இல் இயற்றிய சட்டம் 2004 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு செவிலியருக்கு அதிகபட்சம் எத்தனை நோயாளிகள் என்பதை ஒவ்வொரு பிரிவுக்கும் அது கட்டாயமாக்கியது. இந்தியாவில் இத்தகைய எண்கள் பரிந்துரைகளாகவும் அங்கீகாரப் படிவத்தின் கட்டங்களாகவும் மட்டுமே இருந்தன.

இதற்கிடையே வெளிநாட்டுத் தேவை எழுந்தது. 1960களில் மேற்கு ஜெர்மனியின் மருத்துவமனைகளில் ஆள் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் வழியாகக் கேரளத்துக் கிராமங்களிலிருந்து இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே சென்றனர். பலர் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு போனவர்கள். அங்கேயே செவிலியம் பயின்றபடி வார்டில் வேலை செய்தார்கள். மாணவியரின் உழைப்பு இப்போது கடல் கடந்தது என்று சொல்லலாம். 1973இல் ஜெர்மனி வெளிநாட்டுத் தொழிலாளர் சேர்ப்பை நிறுத்தியது. பின்னர் எழுபதுகளின் இறுதியில், உள்நாட்டில் போதிய செவிலியர் கிடைக்கிறார்கள் என்ற காரணத்தால், சில மாநிலங்களில் இந்தப் பெண்கள் பலருக்கு அனுமதி நீட்டிக்கப்படவில்லை. தேவை இருக்கும்வரை தேவதைகள். தேவை தீர்ந்ததும் விசா முடிந்தவர்கள். அமெரிக்கா 1965இல் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியதும், 1973க்குப் பின் எண்ணெய்ப் பணத்தில் வளைகுடா நாடுகள் மருத்துவமனைகள் கட்டியதும் வேறு கதவுகளைத் திறந்தன. கணவருக்கு முன்பே மனைவி விமானம் ஏறிய குடும்பங்களைப் பற்றி ஷீபா ஜார்ஜ் 2005இல் எழுதிய நூல் இந்த வரலாற்றைப் படிப்பவர்கள் தவறவிடக் கூடாதது.

வெளிநாட்டுக் கூலி உள்நாட்டுக் கணக்கை எப்படி மாற்றியது என்பது சிக்கலான செய்தி. பொதுவாக, ஒரு தொழிலில் ஆட்கள் வெளியேறினால் மீந்தவர்களின் கூலி உயர வேண்டும். கேரளத்தில் அது நடக்கவில்லை. வெளிநாட்டுக்குப் போக விரும்புவோருக்கு இரண்டு மூன்று ஆண்டு அனுபவச் சான்றிதழ் தேவை. அந்தச் சான்றிதழைத் தருவது உள்ளூர் மருத்துவமனை. ஆகவே உள்ளூர் மருத்துவமனை கூலி கொடுத்து ஆள் பிடிக்க வேண்டியதில்லை. சான்றிதழுக்காக ஆட்கள் தாமே வரிசையில் நின்றனர். 1990களுக்குப் பின் பெருகிய தனியார் செவிலியர் கல்லூரிகள் ஆண்டுதோறும் அந்த வரிசையை நீளமாக்கின. முந்தைய தலைமுறை உதவித்தொகை பெற்றுப் படித்தது. இந்தத் தலைமுறை வங்கிக் கடன் வாங்கிப் படித்தது. படிப்பு முடிந்ததும் பயிற்சிச் செவிலியர் என்ற பெயரில், பத்திரம் எழுதிக் கொடுத்து, அசல் சான்றிதழ்களை நிர்வாகத்திடம் ஒப்படைத்து, மாதம் ஐந்தாயிரம் ரூபாய்க்கும் குறைவாகப் பெற்று வேலை செய்தவர்கள் பலர். கடனின் மாதத் தவணையைக்கூட அந்தச் சம்பளம் தாங்கவில்லை. கன்னியர், மாணவியர் ஆகியோருக்குப் பின் வார்டைத் தாங்கிய மூன்றாவது வரிசை இவர்களே. இவர்களில் எவரும் நீண்ட காலம் தங்குவதில்லை. தங்குவார்கள் என்று எவரும் எதிர்பார்க்கவும் இல்லை.

2011 அக்டோபரில் மும்பையில் பணியாற்றிய மலையாளச் செவிலியர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். வேலையை விட்டு விலக முயன்றவருக்குச் சான்றிதழ்கள் திருப்பித் தரப்படவில்லை என்று உடன் பணியாற்றியோர் குற்றஞ்சாட்டினர். அந்தச் செய்தி டெல்லி, மும்பை, கொல்கத்தா மருத்துவமனைகளில் இருந்த மலையாளச் செவிலியரைத் தெருவுக்கு இறக்கியது. அந்த ஆண்டின் இறுதியில் திரிச்சூரை மையமாகக் கொண்டு யுனைட்டெட் நர்சஸ் அசோசியேஷன் உருவானது. டிசம்பரில் கொச்சி அமிர்தா மருத்துவமனையிலும், 2012இன் தொடக்கத்தில் லேக்‌ஷோர் மருத்துவமனையிலும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2012 ஆகஸ்டில், எர்ணாகுளம் மாவட்டத்தின் கோதமங்கலத்தில், நூறு நாட்களுக்கு மேல் நீண்ட போராட்டத்தின் உச்சத்தில் மூன்று செவிலியர் மருத்துவமனைக் கட்டடத்தின் உச்சியில் ஏறி நின்றனர். எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் தலையிட்ட பின்னரே இறங்கினர். கட்சிகளின் தொழிற்சங்கங்கள் வலுவாக வேரோடிய ஒரு மாநிலத்தில், செவிலியருக்கென எந்தக் கட்சியும் அதுவரை இப்படி ஒரு சங்கம் கட்டியிருக்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது. இரண்டு மூன்று ஆண்டில் வெளியேறிவிடும் தொழிலாளரிடம் சந்தாவும் வாக்கும் தேடுவதில் பயன் இல்லை என்று அவை எண்ணியிருக்கலாம்.

களமசேரி மருத்துவமனையின் கதையும் இந்தப் பின்னணியில்தான் வருகிறது. அது அரசு மருத்துவமனையாகப் பிறந்ததன்று. 2000ஆம் ஆண்டையொட்டிக் கூட்டுறவுத் துறையின் கீழ், சுயநிதி மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டது. மாணவர் கட்டணமும் நோயாளிக் கட்டணமுமே அதன் வருவாய். அத்தகைய நிறுவனத்தில் நிரந்தரப் பணியிடங்கள் சுருக்கமாகவே இருக்கும். 2013 டிசம்பரில் மாநில அரசு அதை ஏற்றுக்கொண்டது. பலகையின் பெயர் ஒரே நாளில் மாறிவிடும். அரசுப் பணியிடங்களோ அப்படி வருவதில்லை; ஒவ்வொன்றும் நிதித்துறையின் ஒப்புதலைப் பெற வேண்டும், தேர்வாணையத்தின் பட்டியல் வழியே நிரப்பப்பட வேண்டும். இடைவெளியைத் தற்காலிகப் பணியாளர் நிரப்புவது கேரளத்தில் மட்டும் உள்ள வழக்கமன்று.

அரசு ஏற்றுக்கொண்ட அடுத்த ஆண்டு, 2014 ஜூலை 5 அன்று, களமசேரியிலிருந்து சிறிது தொலைவிலுள்ள நெடும்பாசேரி விமான நிலையத்தில் ஒரு தனி விமானம் இறங்கியது. ஈராக்கின் திக்ரித் நகரில் ஐஎஸ் படையினரிடம் சிக்கியிருந்த 46 இந்தியச் செவிலியர் அதில் வந்தனர். 45 பேர் கேரளத்தவர். ஒருவர் தூத்துக்குடியைச் சேர்ந்தவர். மாதக்கணக்கில் ஊதியம் வரவில்லை என்றும், வீட்டுக் கடன் அப்படியே நிற்கிறது என்றும் அவர்களில் பலர் கூறினர். போர் நடக்கும் நாட்டுக்கு ஏன் போனார்கள் என்று கேட்டவர்களுக்கு, கொச்சியில் அந்தக் கடனை அடைக்கும் சம்பளம் இல்லை என்பதே விடை. மறுபடியும் வெளிநாட்டு வேலை தேடியவர்களும் அவர்களுள் இருந்தனர்.

அதற்கடுத்த ஆண்டு வெளியான குவைத் மோசடி, அந்த விருப்பத்துக்கு என்ன விலை வைக்கப்பட்டது என்பதைக் காட்டியது. குவைத் சுகாதார அமைச்சகத்துக்குச் செவிலியரைத் தேர்ந்தெடுக்கும் பணியில், சட்டப்படி 19,500 ரூபாய் பெறலாம். கொச்சியில் இயங்கிய முகவர் நிறுவனம் ஒன்று தலைக்கு 19.5 லட்சம் ரூபாய் வரை பெற்றதாக மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. அதன்பின் வளைகுடா உள்ளிட்ட நாடுகளுக்குச் செவிலியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மத்திய அரசு நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக் போன்ற அரசு நிறுவனங்களுக்கு வரையறுத்தது.

ஊதியத்துக்கான சட்டப் போராட்டம் தனி வழியில் சென்றது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழுவின் பரிந்துரை படுக்கை எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது: 200க்கு மேல் படுக்கைகள் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம், 100க்கு மேல் இருந்தால் அதைவிட 10 விழுக்காட்டுக்கு மிகாமல் குறைவு, 50 முதல் 100 வரை என்றால் 25 விழுக்காட்டுக்கு மிகாமல் குறைவு, அதற்கும் கீழே மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. பரிந்துரையை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களுடையது. கேரளத்தில் 2017இல் மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டது. ஜூலை 20 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் முன்னிலையில் 20,000 ரூபாய் ஒப்புக்கொள்ளப்பட்டது. அரசாணை வர மேலும் ஒன்பது மாதங்கள் ஆயின. சேர்த்தலையில் 240 நாட்களைக் கடந்த ஒரு வேலைநிறுத்தத்தின் முடிவில், திருவனந்தபுரம் நோக்கிச் செவிலியர் நடைபயணம் தொடங்கவிருந்த நாளுக்கு முந்தைய நாள், 2018 ஏப்ரல் 23 அன்று, அறிவிப்பு வெளியானது.

அந்த வெற்றி பெரியது; அதைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. எனினும் அரசாணை பற்றியது ஒரு முனையை மட்டுமே. ஒரு செவிலியருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது; ஒரு வார்டுக்கு எத்தனை செவிலியர் வேண்டும் என்பதைச் சட்டமாக்கவில்லை. நிர்வாகத்தின் கையில் மீந்திருந்த ஒரே நெகிழ்வு அந்த எண்ணிக்கைதான்.

அரசுத் துறையும் இதில் விதிவிலக்கன்று. இதைத் தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியரைத் தேர்ந்தெடுத்தது. ஒப்பந்த ஊதியம் மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் அமர்ந்தனர். கொரோனா காலத்தில் சேர்க்கப்பட்டவர்களில் எஞ்சியிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31 அன்று முடித்துவைக்கப்பட்டது. தேர்வு எழுதி வென்றவர்களும், பெருந்தொற்றில் உயிரைப் பணயம் வைத்தவர்களும் நின்ற இடம் ஒன்றே.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுச் செவிலியர் அறிக்கை, உலகில் ஏறத்தாழ 2 கோடியே 79 லட்சம் செவிலியர் இருப்பதாகவும் இன்னும் 59 லட்சம் பேர் குறைவதாகவும் மதிப்பிட்டது. ஏழை நாடுகளிலிருந்து ஆட்களை இழுப்பதற்கு நெறிமுறை வகுக்கும் ஆவணம் ஒன்றை அந்த நிறுவனம் 2010இலேயே ஏற்றிருந்தது. கடும் பற்றாக்குறை உள்ள நாடுகளின் பட்டியல் ஒன்றும் வெளியிடப்படுகிறது. அந்த நாடுகளில் முனைந்து ஆள் சேர்க்கக் கூடாது என்பது மரபு. 2023ஆம் ஆண்டுப் பட்டியலில் பாகிஸ்தானும் வங்கதேசமும் உள்ளன, இந்தியா இல்லை. ஆகவே இந்தியச் செவிலியரைத் தேடி வருவதற்கு எந்த நாட்டுக்கும் தயக்கம் இருக்க வேண்டியதில்லை. 2022 நவம்பரில் பிரிட்டனின் மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் முகாமை நோர்க்கா ரூட்ஸ் கொச்சியில்தான் நடத்தியது. தங்கள் வார்டுகளில் ஆள் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி வருபவர்களுக்கு, தன் வார்டுகளில் பணியிடம் இல்லை என்று சொல்லும் மாநிலம் ஆள் தருகிறது.

களமசேரியின் தொற்று வார்டுக்குத் திரும்புவோம். இயந்திரம் வந்த பின்னும் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் மனிதரே. முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் ஈடுகொடுக்கக் கேரள அரசு கோவிட் பிரிகேட் என்ற பெயரில் தற்காலிகமாக மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் எனப் பலரைச் சேர்த்து மாநிலம் முழுவதும் அனுப்பியது. கூட்டிரிப்புக்காரர் வெளியே நிற்க, பாதுகாப்பு உடைக்குள் வியர்த்தபடி நோயாளிக்கு ஊட்டியும் துடைத்தும் விட்டவர்களுள் இவர்களும் அடங்குவர். 2021 அக்டோபர் 31 அன்று பிரிகேட்டின் பணி முடிவுக்கு வந்தது. கூட்டிரிப்புக்காரர்கள் வார்டுகளுக்குத் திரும்பினர்.

அடுத்த மாதம் கழிந்து, 2021 டிசம்பர் தொடக்கத்தில், நோர்க்கா ரூட்ஸ் ஜெர்மனியின் வேலைவாய்ப்பு அமைப்புடனும் ஜிஐஇசட் நிறுவனத்துடனும் 'டிரிபிள் வின்' ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. செவிலியருக்கு பி1 நிலை வரை ஜெர்மன் மொழிப் பயிற்சி கேரளத்திலேயே இலவசம். ஜெர்மனியில் இறங்கியதும் உதவியாளர் நிலையில் மாதம் 2,300 யூரோ. தகுதி ஏற்கப்பட்ட பின் 2,800 யூரோ. அன்றைய மாற்று விலையில் முதல் தொகையே ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய்.